பெரியம்மா கேக்க நினைச்ச கேள்வி

நடுவர் ஐயா, எதிரணி நண்பர்கள், கைதட்டவே மாட்டேன்னு முடிவோட முன் வரிசையில உக்காந்திருக்கிற பெரியவங்க, எல்லாருக்கும் வணக்கம். பாதிக்கப்பட்டவங்களுக்கு நியாயம் கிடைக்கிறது தண்டனையிலயா, குத்தம் பண்ணவனோட நேருக்கு நேர் உக்காந்து பேசுறதுலயா, இதானே தலைப்பு. எதிரணி தம்பி மைக் நடுங்குற அளவுக்கு "தண்டனை தண்டனை"ன்னு கத்திட்டுப் போயிட்டாரு. நான் எங்க பெரியம்மா கதையில இருந்து வரேன்.

பெரியம்மா ஊர்ல சின்னதா மளிகைக் கடை வச்சிருந்தாங்க. ஒரு ராத்திரி ஷட்டர் பூட்டை உடைச்சு கல்லாப்பெட்டியை அப்படியே தூக்கிட்டுப் போயிட்டானுங்க. உள்ள ஆறாயிரம் சொச்சம் பணம், அதோட பழைய கணக்கு நோட்டு ஒண்ணு. பெரியப்பா இறந்து ரெண்டு வருஷம் ஆகியிருந்துச்சு, அந்த நோட்டு முழுக்க அவர் கையெழுத்து. ஒரு மாசத்துல ஆள் ரெண்டு பேர் சிக்கிட்டானுங்க, அப்புறம் வாய்தா மேல வாய்தா, நாலு வருஷம் கழிச்சு பெரியம்மாவை சாட்சிக் கூண்டுல ஏத்துனாங்க. "பூட்டு உடைஞ்சிருந்துச்சா?" ஆமா. "இந்தப் பெட்டி உங்களுதா?" ஆமா. பெரியம்மா அவனுங்களைப் பாத்து "அந்த நோட்டை எங்கடா போட்ட?"ன்னு வாயைத் திறந்தாங்க பாருங்க, "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்கம்மா"ன்னு அடக்கிட்டாங்க. தண்டனை கெடச்சுது ஐயா, இல்லைன்னு சொல்லல. ஆனா உலகத்துலயே அந்தக் கேள்விக்குப் பதில் தெரிஞ்சவன் பத்தடி தள்ளி நிக்கிறான், அவனைக் கேக்கத்தான் அங்க வழி இல்ல.

அந்த வழியைத்தான் நாங்க கேக்குறோம். 1974ல கனடாவுல ஒன்டாரியோ மாகாணம், எல்மைரான்னு ஒரு சின்ன ஊரு, ரெண்டு இளவட்டம் போதையில ஒரே ராத்திரியில 22 இடத்துல கார் டயரைக் கிழிச்சு கண்ணாடியை உடைச்சு அட்டகாசம் பண்ணிட்டானுங்க. மார்க் யான்ட்சின்னு ஒரு புரொபேஷன் ஆபீஸர், அதாவது ஜெயிலுக்கு வெளிய இருக்கிற குத்தவாளிங்களைக் கண்காணிக்கிறவர், இவனுங்க அந்தந்த வீட்டுக்கே போய் நின்னா என்னன்னு ஜட்ஜ்கிட்ட சொல்றாரு, ஜட்ஜும் அனுப்பிட்டாரு. ஆபீஸரும் அவர் கூட போன டேவ் வொர்த்தும் நோட்டும் பேனாவுமா ஓரமா நின்னுக்கிட்டாங்க, கதவைத் தட்டுறது பசங்க வேலை. தட்டி, "உங்க கண்ணாடியை உடைச்சது நான்தான்"னு சொல்லணும். யோசிச்சுப் பாருங்க, வக்கீல் பின்னாடி ஒளிஞ்சுக்கிறது ஈஸியா இது ஈஸியா? சில மாசத்துல நஷ்டத்தைக் கட்டி முடிச்சானுங்க. அந்த ரெண்டு பேர்ல ஒருத்தர் பல வருஷம் கழிச்சு காலேஜ்ல படிக்கப் போனா, அங்க பாடத்துலயே எல்மைரா கேஸ்னு இவரு கதை வருது!

எதிரணி அக்கா "இது கட்டப்பஞ்சாயத்து"ன்னாங்க. அக்கா, கட்டப்பஞ்சாயத்துல பணம் இருக்கிறவன், ஆள் பலம் இருக்கிறவன் சொல்றதுதான் முடிவு. இங்க அவன் முதல்ல குத்தத்தை ஒத்துக்கணும், பாதிக்கப்பட்டவங்க தானா விரும்பி வரணும், நடுவுல பிடிக்கலன்னா எந்திரிச்சுப் போயிடலாம். மன்னிக்கணும்னு யாரும் கையைப் பிடிக்கிறது இல்ல, திட்டிட்டும் போகலாம். இங்கிலாந்து அரசாங்கப் பணத்துல நடந்த ஆய்வுல, இப்படி நேர்ல சந்திச்ச பாதிக்கப்பட்டவங்கள்ல 85 சதவீதம் பேர் திருப்தின்னு சொல்லியிருக்காங்க, மறுபடி குத்தம் பண்றதும் 14 சதவீதம் குறைஞ்சிருக்கு.

ஆனா ஒண்ணு, எங்க அணிக்கே பிடிக்காட்டியும் சொல்லிடுறேன். 2015ல நம்ம சென்னை உயர் நீதிமன்றத்துலயே, பாலியல் வன்கொடுமை வழக்குல தண்டனை வாங்கினவனுக்கு, பாதிக்கப்பட்ட பொண்ணோட சமரசம் பேசச் சொல்லி ஜாமீன் குடுத்தாங்க. கொந்தளிப்பு வந்து அந்த உத்தரவைத் திரும்ப வாங்கிட்டாங்க, அதே சமயத்துல இன்னொரு வழக்குல உச்ச நீதிமன்றமும் இந்த மாதிரி கேஸ்ல சமரசப் பேச்சுக்கே இடமில்லன்னு சொல்லிடுச்சு. ரொம்ப சரி! அந்தப் பொண்ணு "எனக்கு அவனைப் பாக்கணும்"னு கேக்கவே இல்லையே. அவங்களைக் கேக்காம நடத்துறது பேச்சு இல்ல, இன்னொரு அடி. அந்தத் தப்பைக் காட்டி எங்க பெரியம்மா வாயையும் சேத்து அடைக்காதீங்கன்னுதான் சொல்றேன்.

மணி அடிச்சுட்டாங்க, அரை நிமிஷம் ஐயா. பெரியம்மா கடையில திருடின ரெண்டு பேர்ல ஒருத்தன் ஜெயில்ல இருந்து வந்து பக்கத்து ஊர்லதான் இருக்கானாம். போய்க் கேக்கலாம்னா "மிரட்ட வந்திருக்காங்க"ன்னு நம்ம மேலயே கம்ப்ளைன்ட் குடுத்துட்டா என்ன பண்றதுன்னு வீட்ல பயம். பெரியம்மா இன்னைக்கும் தெருவுல பழைய பேப்பர்காரர் வண்டி வந்தா வாசலுக்கு வந்து ஒருதடவை எட்டிப் பாத்துட்டுதான் உள்ள போறாங்க.

நன்றி, வணக்கம்.