நாலு கதவு, ஒரு டிக்கி, எட்டு சிலிண்டர்

நேயர்கள் எல்லாருக்கும் வணக்கமுங்க. இன்றைக்கு ஸ்போர்ட்ஸ் செடான், அதாவது வேகமாக ஓடும் குடும்பக் கார் பற்றிப் பேசப் போகிறேன்.

பண்ணாரி அம்மனைக் கும்பிட்டுவிட்டு திம்பம் மலை ஏறியவர்கள் உங்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். 27 கொண்டை ஊசி வளைவு. ஏறும்போது என்ஜின் முக்கி முனகும். இறங்கும்போதுதான் பிரேக் லைனிங் கருகும் வாசம் வரும். எனக்குப் பத்து வயதில், எங்கள் அய்யன் ஓட்டிய பழைய காரில் அந்த வாசம் வந்தது. பாதி மலை இறங்கியிருப்போம், பிரேக்கை மிதித்தால் கால் தளம் வரைக்கும் போகிறது, வண்டி நிற்கவில்லை. அய்யன் ஒரு வார்த்தை பேசவில்லை. கியரைக் குறைத்து, கைப்பிரேக்கை இழுத்து, மலைப்பக்க மண்மேட்டில் உரசி நிறுத்தினார். வண்டிக்குள் அம்மா, அப்புச்சி, தங்கச்சி, நான். டிக்கி நிறையப் பலாப்பழம். ஒருத்தருக்கும் காயமில்லை. பிரேக் ஆறட்டும் என்று ஒரு மணி நேரம் ரோட்டோரம் உட்கார்ந்திருந்தோம்.

கோயம்புத்தூர் கணபதியில் முப்பது வருஷமாகக் கார் பட்டறை வைத்திருக்கிறேன். வேகமான கார் என்று யார் பேச்செடுத்தாலும் நான் முதலில் கேட்பது, அது எப்படி நிற்கும் என்பதைத்தான். வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் விழுங்க வேண்டிய சூடு நாலு மடங்கு. பழைய டிரம் பிரேக் மூடி போட்ட பானை மாதிரி. சூடு உள்ளேயே கிடக்கும். சூட்டில் டிரம் விரிந்து, உள்ளே இருக்கும் லைனிங்கை விட்டு விலகிப் போகும். அதனால்தான் அன்றைக்கு அய்யன் காலுக்கு ஒன்றும் தட்டுப்படவில்லை. டிஸ்க் பிரேக், திறந்த அடுப்பில் வைத்த தோசைக்கல். காற்றுப் படும், சீக்கிரம் ஆறும்.

சரி, ஸ்போர்ட்ஸ் செடான் என்பது என்ன? நாலு கதவு, பின்சீட்டில் பெரியவர்கள் சௌகரியமாக உட்காரலாம், டிக்கியில் சீர்வரிசைச் சாமான் ஏற்றலாம். ஆனால் ஓட்டுகிற கை பழகிய கையாக இருந்தால், பந்தயக் காருக்கு ஈடு கொடுக்கும். இரண்டு சீட்டு வைத்து லேசாக ஒரு வேகமான கார் செய்வது அவ்வளவு கஷ்டமில்லை. குடும்பத்தையே ஏற்றிக்கொண்டு அதைச் செய்வதுதான் பெரிய வேலை.

1950இல் இத்தாலியின் ஆல்ஃபா ரோமியோ கம்பெனிக்காரர்கள் ‘1900’ என்ற காரைக் கொண்டுவந்தார்கள். பந்தயத்தில் ஜெயிக்கும் குடும்பக் கார் என்று சொல்லித்தான் விற்றார்கள். 1959இல் இங்கிலாந்தில் ஜாகுவார் மார்க் 2. அதன் 3.8 லிட்டர் என்ஜின் வண்டி மணிக்கு 200 கிலோமீட்டர் தொடும். திருடர்களும் அதை விரும்பினார்கள், அவர்களைத் துரத்திய போலீசும் அதையே வாங்கியது. எனக்கு அதில் பிடித்தது வேறு: நாலு சக்கரத்திலும் டிஸ்க் பிரேக். 1968இல் மெர்சிடிஸ் 300 எஸ்இஎல் 6.3. வாக்சன்பெர்கர் என்ற எஞ்சினியர், பெரிய லிமோசினில் இருந்த எட்டு சிலிண்டர் என்ஜினைத் தன் விருப்பத்துக்கு இந்தக் காரில் இறக்கிப் பார்த்ததில் பிறந்தது அது. 1985இல் வந்த முதல் பிஎம்டபிள்யூ எம்5க்குள் அதே கம்பெனியின் எம்1 ஸ்போர்ட்ஸ் காரில் இருந்த என்ஜின் வகை, 286 குதிரைத்திறன். வெளியே பார்த்தால் ஆபீஸ் போகிற கார்.

ஆனால் நான் சொல்ல ஆசைப்பட்டு வந்த கதை மெர்சிடிஸ் 500 ஈ. 1990இல் வந்தது. ஜெர்மனியில் டாக்சியாக ஓடிய அதே உடம்புக்குள் ஐந்து லிட்டர், எட்டு சிலிண்டர், 326 குதிரைத்திறன். அகல டயர் போட வேண்டும் என்பதால் மட்கார்டையும் அகலமாக்கினார்கள். அங்கேதான் சிக்கல்: சிண்டல்ஃபிங்கனில் இருந்த மெர்சிடிஸ் தொழிற்சாலையின் தயாரிப்பு லைனில் அந்த அகல வண்டி நுழையவில்லை! பக்கத்திலேயே, சூஃபன்ஹவுசனில், போர்ஷே கம்பெனி. அந்தச் சமயம் அவர்களுக்கு விற்பனை மந்தம், வேலை தேவைப்பட்டது. வேலையை அவர்களிடம் கொடுத்தார்கள்.

திருப்பூர்க்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். நிட்டிங்கில் இருந்து துணி சாயப்பட்டறைக்குப் போகும், அங்கிருந்து காம்பாக்டிங், அப்புறம் கட்டிங், பவர் டேபிள், அயர்ன் என்று ஊர் சுற்றித்தான் பனியனாகும். அதே ஜாப் ஒர்க்தான் இதுவும். மெர்சிடிஸிலிருந்து தகடுகள் போர்ஷேவுக்குப் போகும், அங்கே பாடி கட்டுவார்கள். பெயிண்ட் அடிக்க மறுபடி மெர்சிடிஸ். என்ஜின் பூட்ட மறுபடி போர்ஷே. கடைசிப் பரிசோதனைக்குத் திரும்பவும் மெர்சிடிஸ். ஒரு காருக்குப் பதினெட்டு நாள். ஐந்து வருஷத்தில் பத்தாயிரத்துச் சொச்சம் கார்கள்தான். பிரேக்? 500 எஸ்எல் என்ற ஸ்போர்ட்ஸ் காரின் பெரிய டிஸ்க்கையே போட்டார்கள். பாருங்கள், என்ஜினை மட்டும் பெரிசாக்கிவிட்டு ஓயவில்லை. டயர், சஸ்பென்ஷன், பிரேக் எல்லாவற்றையும் கூடவே மாற்றினார்கள். நம்மூரில் பையன்கள் என்ஜினைக் கட்டுப்படுத்தும் சிப்பை மட்டும் மாற்றி, பழைய பிரேக்கோடு அவிநாசி ரோட்டில் பறப்பதைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்குகிறது. என்னிடம் வருகிறவர்களிடம் முதலில் பிரேக், அப்புறம் என்ஜின் என்று சொல்லித்தான் வேலையை எடுக்கிறேன்.

நம்ம ஊர்க் கதையைத்தான் கடைசிக்கு வைத்திருந்தேன், ஸ்டுடியோ கண்ணாடிக்கு அந்தப் பக்கம், இன்னும் இரண்டு நிமிஷம்தான் என்று இரண்டு விரல் காட்டுகிறார்கள். வேகமாகச் சொல்லிவிடுகிறேன். கோயம்புத்தூர் கரிவர்தன், மாருதி 800 என்ஜினை வைத்து ஃபார்முலா மாருதி பந்தயக் காரை உருவாக்கியவர். செலவு குறைந்ததால் நிறையப் பிள்ளைகள் பந்தயத்துக்கு வந்தார்கள். 1995இல் விமான விபத்தில் போய்விட்டார். செட்டிபாளையத்தில் 2003இல் திறந்த பந்தயத் தடத்துக்கு அவர் பெயர்தான். 2005இல் ஃபார்முலா ஒன்றில் ஓட்டிய முதல் இந்தியர், நம்ம நரேன் கார்த்திகேயன். வேகம் பார்க்க ஆசைப்படும் பிள்ளையை அவிநாசி ரோட்டுக்கு விடாதீர்கள், செட்டிபாளையத்துக்குக் கூட்டிப் போங்கள். போவதற்கு முன்னால் வண்டியின் பிரேக் ஆயிலை ஒருதரம் திறந்து பார்த்துக்கொள்ளுங்கள். கறுத்திருந்தால் மாற்றிவிடுங்கள்.

வணக்கமுங்க.