கதை சொல்பவனே ஊர்ப் பேச்சில் பேசினால்?

[திரையில்: பனிமூட்டம் கவிந்த லண்டன் தெரு. மஞ்சள் வெளிச்சத்தில் ஒரு பஸ்.]

குளிர்கால மாலை. 46-ஆம் நம்பர் பஸ் பிடித்து வாட்டர்லூ ரயில் நிலையத்துக்குக் கிளம்புகிறான் மோசஸ். கரீபியன் தீவான ட்ரினிடாடிலிருந்து வருகிற ஒருத்தனை அழைத்துவர வேண்டும். அவன் யாரென்றே மோசஸுக்குத் தெரியாது. ஊரிலிருந்து கடிதம் வந்துவிட்டது, அப்புறம் போகாமல் இருக்க முடியுமா?

சாம் செல்வோன் 1956-ல் வெளியிட்ட 'தி லோன்லி லண்டனர்ஸ்' நாவலின் தொடக்கம் இது. முதல் வாக்கியத்திலேயே ஒரு சின்ன குறும்பு இருக்கிறது. 'இருந்தது' என்று சொல்லப் பள்ளிக்கூட ஆங்கிலத்தில் 'தேர் வாஸ்' என்று வர வேண்டிய இடத்தில் அவர் 'இட் ஹேட்' (it had) என்று எழுதுகிறார். ட்ரினிடாட் கடைத்தெருவில் அப்படித்தான் பேசுவார்கள்.

சரி, இதில் என்ன பெரிய விஷயம்? அந்த வார்த்தை மோசஸ் பேசுவதாக மேற்கோள் குறிக்குள் வரவில்லை. கதை சொல்பவரே அப்படிப் பேசுகிறார். அதுவரை கரீபியன் கதைகளில் பெரும்பாலும் பாத்திரங்கள் மட்டும்தான் கொச்சையாகப் பேசும். கதை சொல்பவர் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, சுத்தமான ஆங்கிலத்தில், நாலடி தள்ளி நிற்பார். செல்வோனும் முதலில் அப்படித்தான் எழுதிப் பார்த்தார். கதை நகரவே இல்லை. ஊர்ப் பேச்சுக்கு மாற்றிய பிறகு ஓடத் தொடங்கியது.

[திரையில்: கரீபியன் வரைபடம். ட்ரினிடாடின் தெற்கே சான் ஃபெர்னான்டோ.]

செல்வோன் பிறந்தது இங்கே, 1923-ல். அப்பா மதராஸிலிருந்து போன தமிழ்க் கிறிஸ்தவர். பெயரைச் சொல்லும்போதே நம் காதில் 'செல்வன்' என்று விழுகிறது, இல்லையா? ஆனால் பையனின் உலகம் முழுக்க ட்ரினிடாட்தான். 1950-ல் கப்பலேறி லண்டன் போனார்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அவர் எழுதியது அப்படியே தெருவில் கேட்ட பேச்சு அல்ல. வெளியூர்க்காரர்களுக்கும் புரிகிற மாதிரி கொஞ்சம் இளக்கியிருக்கிறார். அதைக் குறையாகச் சொல்பவர்கள் உண்டு. என்னைக் கேட்டால் அவருடைய கைவண்ணமே அந்த அளவறிந்த கலப்பில்தான் இருக்கிறது. ட்ரினிடாடின் கலிப்ஸோ என்ற நாட்டுப்பாட்டில் வருகிற நையாண்டியும், ஞாயிற்றுக்கிழமை மோசஸின் அறையில் கரீபியனிலிருந்து வந்த பையன்கள் கூடி அடிக்கிற அரட்டையும் அந்த மொழியில் சிந்தாமல் வந்து சேர்கின்றன. பட்டப்பெயர்களைப் பாருங்கள்: நள்ளிரவு மாதிரி கறுப்பு என்று ஒருத்தனைச் சொல்லப்போய், இல்லை, அதையும் தாண்டிவிட்டாய் என்று 'பன்னிரண்டு ஐந்து' என்றே பெயர் வைத்துவிடுகிறார்கள். சிரிப்பு வருகிறது, அடியில் எங்கோ சுருக்கென்றும் தைக்கிறது.

[திரையில்: மளிகைக் கடை. கல்லாவுக்கு முன்னால் ஒரு வயதான பெண்மணி.]

நாவலில் எனக்குப் பிடித்த ஆள் டான்டி பெஸி. டான்டி என்றால் அத்தை, பெரியம்மா மாதிரி ஓர் உறவுச்சொல். ஹாரோ ரோடு பக்கம் மளிகை வாங்கப் போகிறாள். லண்டனில் கடன் கிடையாது. எங்கள் ஊரில் வேண்டியதை எடுத்துக்கொண்டு வெள்ளிக்கிழமை கணக்குத் தீர்ப்போம், இங்கே மட்டும் என்னவாம் என்று நிற்கிறாள். தன் பேச்சை அவள் இம்மியும் மாற்றிக்கொள்ளவில்லை. கடைசியில் வழிக்கு வந்தது கடைக்காரர்தான். வெள்ளிக்கிழமைக் கணக்கு லண்டனிலும் தொடங்கிவிட்டது.