நாய் காட்டுக்காளானைத் தின்றுவிட்டால்

நேயர்களுக்கு வணக்கம். தென்மேற்குப் பருவமழை பிடித்துவிட்டால், குமுளி, வண்டன்மேட்டுப் பக்கத்து ஏலத்தோட்டங்களில் நனைந்த சருகுக்கடியிலிருந்து ஒரே இரவில் காளான் குடை விரித்துவிடுகிறது. புற்றுக்காளான் தேடிப் போகிறவர்களின் பின்னாலேயே, தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்து நாயும் ஓடுகிறது. பார்த்துப் பறிக்கும் பழக்கம் அவர்களுக்கு உண்டு, நாய்க்குக் கிடையாது.

கால்நடை மருத்துவனாக நான் பணியாற்றிய காலத்தில், கம்பத்திலிருந்து மலையேறி வந்து தோட்டத்தில் வேலை செய்த ஓர் அம்மா தம் நாயைத் துண்டில் சுற்றித் தூக்கி வந்தார். "முந்தாநாள் ராத்திரி வாந்தி எடுத்துச்சு சார், நேத்துக் கஞ்சி குடிச்சு நல்லா விளையாடுச்சு" என்றார். உதட்டை விலக்கிப் பார்த்தேன். ஈறு மஞ்சள் பூத்திருந்தது. அந்த நாயைக் காப்பாற்ற முடியவில்லை.

அவர் அசட்டையாக இருக்கவில்லை. நடுவில் வந்த அந்த நல்ல நாள்தான் அவரை ஏமாற்றிவிட்டது. அமாடாக்சின் என்னும் நஞ்சுள்ள காளானைத் தின்ற நாய், பெரும்பாலும் 6 முதல் 24 மணி நேரம் வரை எந்தக் குறியும் காட்டாது. பிறகு வாந்தியும் கழிச்சலும் வந்து, அவை அடங்கித் தேறியது போலத் தோன்றும் வேளையில், உள்ளே ஈரல் அழிந்துகொண்டிருக்கும். இதற்கு மாறாக, வேறு சில காளான்களில் உள்ள மஸ்கரின் என்னும் நஞ்சு பெரும்பாலும் 2 மணி நேரத்துக்குள்ளேயே எச்சிலும் கண்ணீரும் வழியச் செய்துவிடும். அதற்கு அட்ரோபின் ஊசி நன்றாகக் கேட்கும்.

ஆகவே, தின்றதைப் பார்த்தாலே போதும், குறி தெரியும்வரை காத்திருக்காதீர்கள். வாயில் மிச்சம் இருந்தால் விரலால் வழித்தெடுங்கள். தின்ற நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அதே இடத்தில் முளைத்திருக்கும் வேறொரு காளானை, மண்ணுக்குள் இருக்கும் அடிப்பகுதியோடு தோண்டி, காகிதத்தில் பொதிந்து எடுத்து வாருங்கள். பாலிதீன் பையில் போட்டால் வியர்த்து அழுகிவிடும், பிறகு எந்த வகையென்று பார்க்க முடியாது. நாய் வாந்தி எடுத்திருந்தால் அதிலும் கொஞ்சம் கொண்டு வாருங்கள்.

உப்புத் தண்ணீரைப் புகட்டி வாந்தி எடுக்க வைக்கும் வழக்கம் நம் பக்கத்தில் இருக்கிறது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள், அந்த உப்பே நாயைக் கொல்லக்கூடும். வாந்தி எடுக்க வைப்பதையும், நஞ்சை ஈர்க்கும் கரித்தூள் கொடுப்பதையும் மருத்துவர்தான் செய்ய வேண்டும். தின்ற ஓரிரு மணி நேரத்துக்குள் கொண்டு வந்தால்தான் அவற்றால் முழுப் பயன் கிடைக்கும். கேரளப் பக்கம் இருப்பவர்கள் மிருகாசுபத்திரி என்று கேட்டால் உடனே வழி சொல்வார்கள்.

மஞ்சளைப் போட்டும் வெள்ளிக் காசைப் போட்டும் காளானைச் சோதிப்பதை நம்பாதீர்கள். வேகவைத்தாலும் அமாடாக்சின் அழியாது என்பதால், சந்தேகமான காளான் குழம்பின் மிச்சத்தை நாய்த்தட்டில் ஊற்றுவதும் கூடாது. சிகிச்சைக்குப் பின் நாய் வாலாட்டி ஓடினாலும், மறுநாளும் அதற்கடுத்த நாளும் ஈரலுக்கான இரத்தப் பரிசோதனைக்கு அதைக் கட்டாயம் அழைத்து வாருங்கள்.