இறைத்த கிணறு ஊற வேண்டுமானால்

பெருமதிப்பிற்குரிய விழாத் தலைவர் அவர்களே, பல பணிகளுக்கிடையே வருகை தந்திருக்கும் நீர்வளத் துறைப் பொறியாளர் அவர்களே, இந்த மண்டபத்தை வாடகையின்றி அளித்த ஊராட்சித் தலைவர் அவர்களே, வாசகர் வட்டத்து அன்பர்களே, முன்வரிசைத் தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம். பொறியாளர் அவர்கள் அணைகளைப் பற்றி நிறைவாகப் பேசிவிட்டதால், நான் காலடி மண்ணுக்குக் கீழே இறங்குகிறேன். நிலத்தடி நீர், நொய்யல் ஆற்றின் நிலை, வீட்டுத் தண்ணீர்ச் செலவு என மூன்று பொருள்களை அழைப்பிதழில் அச்சிட்டிருக்கிறார்கள். கொடுத்த நேரத்தில் முடிந்தவரை பார்ப்போம்.

உலகத்து நீரில் நன்னீர் ஏறத்தாழ 2.5 விழுக்காடுதான். அதிலும் பெரும்பங்கு பனியாக உறைந்து கிடக்க, எஞ்சியதில் மிகுதியும் நிலத்துக்கு அடியிலேயே இருக்கிறது. அந்த நீரை உலகிலேயே மிக அதிகமாக உறிஞ்சும் நாடு நம்முடையது. அமெரிக்காவும் சீனாவும் சேர்ந்து எடுப்பதைவிட நாம் கூடுதலாக எடுக்கிறோம்.

‘இறைத்த கிணறு ஊறும், இறைக்காத கிணறு நாறும்’ என்பதை என் வாயால் கேட்டுக் கேட்டுச் சலித்தவர்கள் இங்கே இருக்கிறீர்கள். ஆனாலும் சொல்வேன். அது மாடு பூட்டித் தண்ணீர் இறைக்கும் கவலை ஓட்டிய காலத்துப் பழமொழி. வெயில் ஏறியதும் மாட்டை அவிழ்த்துவிடுவார்கள்; மாடு இளைப்பாறிய நேரத்தில் கிணறு ஊறிக்கொண்டது. நீர்மூழ்கி மோட்டாருக்கு அந்த இளைப்பாறல் தேவையில்லை. தமிழ்நாட்டில் ஏறத்தாழ முக்கால் பங்கு நிலம் கெட்டிப் பாறை. மழைநீர் பெரும்பாலும் அதன் மேலே சிதைந்திருக்கும் அடுக்கில்தான் தங்குகிறது. ஆழம் போகப் போக வெடிப்புகள் அரிதாகின்றன, கிடைக்கும் நீரிலும் சில இடங்களில் பல்லையும் எலும்பையும் கெடுக்கும் அளவுக்கு ஃபுளூரைடு கலந்திருக்கிறது. தருமபுரி, கிருஷ்ணகிரி மக்களுக்கு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் தேவைப்பட்டது அதனால்தான்.

எங்கள் ஊரில் ஒரு பெரியவர், தோட்டத்துக் கிணறு வற்றியதும் நீரோட்டம் பார்ப்பவரை அழைத்து வந்தார். அவர் உள்ளங்கையில் தேங்காயைப் படுக்கவைத்து வரப்பெல்லாம் நடக்க, ஒரு மூலையில் தேங்காய் எழுந்து நின்றது. திருச்செங்கோட்டு ரிக் வண்டி வந்தது. வடநாடு வரை போய்த் துளை போடுகிற வண்டிகள் அவை, நம்மவர் திறமையில் குறை இல்லை. பூசை போட்டு இறக்கினார்கள். அறுநூறு அடியிலும் புழுதி, எண்ணூறிலும் புழுதி. “இன்னொரு நூறு போட்டுப் பாத்தரலாமுங்க மாமா” என்று மருமகன் ஊக்கம் கொடுக்க, ஆயிரத்தைத் தாண்டியும் பாறைத்தூள் பறந்து, வேடிக்கை பார்த்த இளவட்டங்களுக்கெல்லாம் தலை நரைத்ததுதான் மிச்சம். நீரோட்டக்காரர் கொஞ்சமும் கலங்காமல், “தண்ணி இருந்துதுங்க, ரிக் சத்தத்துக்குப் பக்கத்துத் தோட்டத்துக்கு நகர்ந்துருச்சு” என்றார். அதைக் கேட்டுக்கொண்டிருந்த பக்கத்துத் தோட்டத்துக்காரர் மறுநாளே அதே வண்டியை அழைத்தார்! இரண்டு தோட்டத்துக்கும் நடுவே பாட்டன் காலத்துக் கல்கட்டுக் கிணறு முள்மண்டிக் கிடந்தது. ஐப்பசி மழையில் இட்டேரியில், அதாவது வேலிகளுக்கு நடுவிலான வண்டிப்பாதையில், ஓடிய வெள்ளமோ அதன் ஓரமாகவே போய்ப் பள்ளத்தில் கலந்தது. கிணற்றுப் பக்கம் அதைத் திருப்பிவிட ஒருவருக்கும் தோன்றவில்லை.

இறைக்காத கிணறுகள் இன்று உண்மையிலேயே நாறுகின்றன. கோழிக் கழிவையும் நெகிழியையும் கொட்டுகிறோம், மனைப்பிரிவு போடுகிறவர்கள் மண்ணள்ளி மூடுகிறார்கள், இரவோடு இரவாகச் சாயக்கழிவை இறக்குகிறவர்களும் உண்டு. எங்கள் இயக்கம் கேட்பது ஒன்றே: பாழுங்கிணற்றை மூடாதீர்கள், மழைநீரை உள்ளே விடுங்கள். கட்டடங்களுக்கு மழைநீர்ச் சேகரிப்பை 2003-இல் கட்டாயமாக்கிய மாநிலம், தோட்டத்துக் கிணற்றை மறந்துவிடலாகாது. வெள்ளத்தை அப்படியே விட்டால் சேறும் பூச்சிமருந்தும் சேர்ந்து இறங்கும். ஆகவே முதல் மழையை வெளியே திருப்பிவிட்டு, அடுத்து வருவதை வண்டல் படியும் குழியில் தேக்கி, கூழாங்கல்லும் மணலும் நிரப்பிய தொட்டி வழியாகக் குழாயில் இறக்க வேண்டும். குப்பை விழுந்த கிணற்றை முதலில் தூர்வார வேண்டும், சாயம் இறங்கிய கிணற்றைத் தொடவே கூடாது. பொறியாளர் அவர்கள் தலையசைப்பதை ஒப்புதலாகவே எடுத்துக்கொள்கிறேன்.

நொய்யலுக்கும் வீட்டுச் செலவுக்கும் வரவே முடியவில்லை. தலைவர் மணியைத் தொட்டுவிட்டார். இறைத்த கிணறு ஊறும் என்பதை நம்புகிறவர்கள், தத்தம் ஊர்ப் பாழுங்கிணறுகள் எங்கே, எவ்வளவு ஆழம், யார் பொறுப்பில் என்று வாசல் மேசையிலுள்ள படிவத்தில் எழுதிக் கொடுங்கள். அக்டோபர் 2-ஆம் நாள் கிராம சபையில் அந்தப் பட்டியலை வைத்துத் தீர்மானம் கேட்கப் போகிறோம். வடகிழக்குப் பருவமழைக்கு அதன்பிறகு அதிக நாள் இருக்காது. வாய்ப்பளித்த வாசகர் வட்டத்துக்கு நன்றி, வணக்கம்.