திங்கட்கிழமை இரவுகளில் பாடிய ஒருவர்: ஜெஃப் பக்லி

(யாழ்ப்பாணத்தில் ஒரு வாசிகசாலை மண்டபத்தில், பாட்டும் வாத்தியமும் பழகும் இளையவர்கள் முன் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லாருக்கும் வணக்கம். வேலை முடிந்தும் ரியூசன் முடிந்தும் களைத்துப்போய் வந்திருக்கிறீர்கள், அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறேன். இன்றைக்கு நான் கதைக்கப் போவது ஜெஃப் பக்லி என்ற அமெரிக்கப் பாடகரைப் பற்றி. தானே எழுதி, தானே மெட்டமைத்து, தானே கிற்றார் வாசித்துப் பாடியவர். முப்பது வயதில் இறந்துபோனார். உயிரோடு இருந்த காலத்தில் ஸ்ரூடியோவில் முழுமையாகச் செய்து வெளியிட்ட அல்பம் ஒன்றே ஒன்று. அதன் பெயர் ‘கிரேஸ்’. அவர் உயிரோடு இருந்தபோது அமெரிக்காவின் பில்போர்ட் விற்பனைப் பட்டியலில் அது 149ஆம் இடத்துக்கு மேலே ஏறவேயில்லை. ஆனால் இன்றைக்கும் உலகத்தில் பாட்டை உயிராக நினைக்கிற பிள்ளைகள் அவரைத் தேடிப்போய்க் கேட்கிறார்கள்.

அந்த அல்பம் வெளிவந்தது 1994 ஓகஸ்ட் 23. அப்போது எங்கள் ஊர் எப்படி இருந்தது என்று இங்கே இருக்கிற பெரியவர்களுக்குத் தெரியும். கரண்ட் கிடையாது. சைக்கிளைக் கவிழ்த்துவைத்து ஒருவர் பெடலைச் சுற்ற, மற்றவர்கள் சுற்றியிருந்து டைனமோவில் ரேடியோ கேட்ட காலம். அடுத்த வருடம் ஒக்ரோபர் கடைசியில், யுத்தம் நெருங்கிவர, யாழ்ப்பாண நகரமும் சுற்றியுள்ள ஊர்களும் சேர்ந்த வலிகாமமே ஒரே இரவில் எழும்பி கிழக்கே தென்மராட்சிப் பக்கம் நடந்தது. அப்படியான நேரத்தில் நியூயோர்க்கில் ஒருவர் என்ன பாடினார் என்று யாருக்குத் தெரியும்? அதனால் பக்லி எங்களிடம் வந்து சேர்ந்தபோது அவர் இறந்து பல வருடம் ஆகியிருந்தது. பிந்தி வந்தாலும் எங்களுக்குச் சொல்ல அவரிடம் ஒரு முக்கியமான விஷயம் இருக்கிறது, அதைச் சொல்லத்தான் வந்தேன்.

முதலில் வாழ்க்கையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1966 நவம்பர் 17ஆம் திகதி கலிபோர்னியாவில் அனஹைம் என்ற இடத்தில் பிறந்தார். அம்மா மேரி கீபேர்ட் முறையாக பியானோ பழகியவர். அப்பா ரிம் பக்லி, அறுபதுகளில் பெயர் பெற்ற பாடகர், பிள்ளை பிறக்கும் முன்னரே பிரிந்து போய்விட்டார். எட்டு வயதில் ஒரு தடவை சில நாட்கள் அப்பாவோடு இருந்ததுதான் இவருக்குக் கிடைத்த உறவு. கொஞ்சக் காலத்திலேயே, 1975 யூனில், அந்த அப்பா போதைப்பொருளால் 28 வயதில் இறந்துபோனார். செத்தவீட்டுக்கு இந்தப் பிள்ளையை யாரும் அழைக்கவில்லை. அதுவரை, அம்மா மறுமணம் செய்தவரின் குடும்பப் பெயரோடு ஸ்கொட்டி மூர்ஹெட் என்று வளர்ந்த பையன், அதன் பிறகுதான் ஜெஃப் பக்லி ஆனான்.

ஹொலிவூட்டில் ஓர் இசைக் கல்லூரியில் ஒரு வருடம் கிற்றார் படித்தார். பிறகு லொஸ் ஏஞ்சல்ஸில் ஹோட்டல் வேலை, யார் கூப்பிட்டாலும் போய்ப் பின்னணி வாசிப்பது என்று வருடங்கள் போயின. அந்தக் காலம் முழுக்க அவர் கிற்றார்காரர்தான், பாடுவதென்றால் பின்னணிக் குரல் மட்டும். இதை நான் அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் இன்றைக்கு அவரை உலகம் நினைப்பது குரலுக்காக.

1991 ஏப்ரல் 26. புரூக்ளினில் ஒரு தேவாலயத்தில் அப்பாவின் நினைவாக ஒரு கச்சேரி நடத்துகிறார்கள். மகனையும் கூப்பிடுகிறார்கள். தன்னை விட்டுப்போன ஒருவரின் பாட்டுகளை, அவரைப் பார்க்க வந்த சனத்தின் முன், அவரின் முகச்சாயலோடு நின்று பாடவேண்டும். யோசித்துப் பாருங்கள், எவ்வளவு பாரம். கடைசிப் பாட்டில் கிற்றார் நரம்பு ஒன்று அறுந்துவிட்டது. அவர் நிற்பாட்டவில்லை, வாத்தியம் இல்லாமல் வெறும் குரலிலேயே மிச்சத்தைப் பாடி முடித்தார். அந்தக் கச்சேரி மூலம்தான் கெரி லூகஸ் என்ற கிற்றார் கலைஞரின் கூட்டுக் கிடைத்தது. பின்னர் அல்பத்துக்குப் பெயர் கொடுத்த ‘கிரேஸ்’ பாட்டும் ‘மோஜோ பின்’ பாட்டும் இருவரும் சேர்ந்து செய்தவை.

சரி, இனி நான் சொல்ல வந்த இடம். நியூயோர்க்கின் ஈஸ்ற் வில்லேஜ் பகுதியில் ஷினே என்று ஒரு சின்னக் கோப்பிக்கடை. ஐரிஷ்காரர் ஒருவர் நடத்தியது. மேடை என்று ஒன்று கிடையாது, மேசைகளைக் கொஞ்சம் தள்ளிவிட்டால் அதுதான் மேடை. 1992 ஏப்ரல் தொடங்கி பக்லி திங்கட்கிழமை இரவுகளில் அங்கே தனியாக, ஒரு இரவல் ரெலிகாஸ்ரர் கிற்றாரோடு பாடினார். பாடிய நேரம் போக கோப்பை கழுவியும் கொடுத்தார். என்ன பாடினார் தெரியுமா? பெரும்பாலும் மற்றவர்களின் பாட்டு. நீனா சிமோன், வான் மொரிசன், பிரெஞ்சுப் பாடகி எடித் பியாஃப், லெட் செப்பலின். ஒரு பாட்டுக்கு மூன்று நிமிடம் என்ற கணக்கெல்லாம் அங்கே இல்லை. மனம் போனால் பத்து நிமிடம் இழுப்பார், நடுவில் நிறுத்திப் பகிடி விடுவார், மறந்துபோனால் திரும்பத் தொடங்குவார். பிழைவிட அங்கே இடம் இருந்தது.

இங்கே கோயில் திருவிழா இசைக்குழுக்களில் பாடுகிற தம்பி தங்கச்சிமார் கனபேர் இருக்கிறீர்கள். நானும் அந்த மேடைகளில் பின்னுக்கு நின்று கிற்றார் வாசித்தவன். மற்றவர்களின் பாட்டைப் பாடுவது குறைவான வேலை என்று நான் ஒருநாளும் சொல்லமாட்டேன். இரவு ஒன்பது மணியிலிருந்து விடியும்வரை ஒரு கூட்டத்தைப் பிடித்து வைத்திருக்கிற திறமை லேசில் வராது. ஆனால் எங்கள் மேடையில் கைதட்டு எதற்குக் கிடைக்கிறது? சினிமாவில் பாடியவரைப் போலவே, மூச்சு எடுக்கிற இடம்கூட மாறாமல் பாடினால் கிடைக்கிறது. பக்லி அந்தக் கோப்பிக்கடையில் செய்தது வேறு. ஒவ்வொரு பாட்டையும் எடுத்து, இந்த வரியை நான் ஏன் பாடவேண்டும், என் குரல் இதில் எங்கே போகும் என்று கேட்டுக் கேட்டுப் பாடினார். அப்படிப் பாடிப்பாடித்தான் அவருக்குச் சொந்தமான பாட்டு வந்தது. பழகியது ஐந்து நட்சத்திர ஸ்ரூடியோவில் அல்ல, முப்பது நாற்பது பேர் நெருக்கியடித்து இருந்த ஓர் அறையில்.

நுஸ்ரத் ஃபதே அலி கான் கதையை நான் சொல்லாமல் விடமுடியாது. பாகிஸ்தானின் கவ்வாலிப் பாடகர், கவ்வாலி என்றால் சூஃபி பக்திப் பாட்டு, உங்களில் கனபேர் கேட்டிருப்பீர்கள். 1990இல் நியூயோர்க்கில் ஹார்லெம் பகுதியில் இருந்த காலத்தில் பக்லி அவரை முதன்முதலாகக் கேட்டார். கேட்டு அசந்துபோய், ஒரு சொல்லும் தெரியாத உருதுவை ஒலியை வைத்தே மனப்பாடம் செய்து, அந்தக் கோப்பிக்கடையில் வெள்ளைக்காரர் முன்னால் கவ்வாலி பாடினார். நுஸ்ரத் தான் எனக்கு எல்விஸ் என்று அங்கேயே சொன்னதும் ஒலிப்பதிவில் இருக்கிறது. பிறகு 1996இல் ஒரு சஞ்சிகைக்காக நுஸ்ரத்தை நேரில் பேட்டியும் கண்டார். ‘மோஜோ பின்’ தொடங்கும்போது சொல் இல்லாமல் ஒரு குரல் மெதுவாக எழும்பி வரும், கேளுங்கள். எங்கள் ஊரில் திருவிழா இரவில் நாதஸ்வரக்காரர் கீர்த்தனைக்குள் போகமுன் இராகத்தை மெல்ல மெல்லத் திறப்பாரே, அதைக் கேட்டு வளர்ந்த காதுக்கு இந்த இடம் உடனே பிடிபடும். ரொக் இசை என்றால் வெறும் சத்தம் என்று ஒதுக்குகிற பெரியவர்களுக்கு நான் இந்த ஒரு நிமிடத்தைத்தான் முதலில் போட்டுக் காட்டுவேன்.

இந்தத் திங்கட்கிழமைகள் பற்றிக் கதை பரவி, கடைவாசலில் இசைக் கொம்பனிக்காரரின் பெரிய கார்கள் வந்து நிற்கத் தொடங்கின. 1992 ஒக்ரோபரில் கொலம்பியா நிறுவனத்தோடு ஒப்பந்தம். முதலில் வெளியிட்டது அதே கடையில் பதிந்த நான்கு பாட்டு, இரண்டு சொந்தம், இரண்டு மற்றவர்களுடையது. அதற்குப் பிறகுதான் 1993 கடைசிப் பகுதியில் வுட்ஸ்ரொக் அருகே பெயர்ஸ்வில் ஸ்ரூடியோவில் ‘கிரேஸ்’ பதிவு தொடங்கியது. தயாரித்தவர் அண்டி வொலஸ், நிர்வாணா என்ற ரொக் இசைக்குழுவின் பெயர்போன அல்பத்துக்கு ஒலிக்கலவை செய்தவர். பத்துப் பாட்டு, அதில் மூன்று மற்றவர்களின் பாட்டு.

அந்த மூன்றில் ஒன்று கனடாப் பாடகர் லெனர்ட் கோஹனின் ‘அல்லேலூயா’. கோஹன் 1984இல் வெளியிட்டபோது பெரிதாக யாரும் கவனிக்கவில்லை. பிறகு ஜோன் கேல் பியானோவோடு பாடிய வடிவத்தைக் கேட்டுத்தான் பக்லி அதைக் கையில் எடுத்தார். ஒரு கிற்றார், ஒரு குரல், வேறு ஒன்றுமில்லை. தொடங்கமுன் அவர் மூச்சு விடுகிற சத்தம்கூட பதிவில் இருக்கிறது, அதை அழிக்காமல் விட்டிருக்கிறார்கள். இன்றைக்கு எத்தனையோ மொழிக்காரர் மேடையில் பாடுகிற அந்தப் பாட்டு, பெரும்பாலும் பக்லி போட்ட தடத்தில்தான் நடக்கிறது. 2008 நத்தார் வாரத்தில் பிரித்தானியப் பட்டியலில் அந்தப் பாட்டு முதலாம் இடத்திலும் இருந்தது, இரண்டாம் இடத்திலும் இருந்தது. முதலாவது ஒரு தொலைக்காட்சிப் போட்டியில் வென்ற பெண் பாடியது, இரண்டாவது பதினொரு வருடத்துக்கு முன் இறந்துபோன பக்லி பாடியது.

ஆனால் அல்பத்தில் என் மனதை அதிகம் பிடித்து வைத்திருப்பது கடைசிப் பாட்டு, ‘ட்ரீம் பிரதர்’. அதில் தபேலா கேட்கும். பிள்ளைத்தாச்சியாக இருந்த துணையை விட்டுப்போக நினைத்த ஒரு சிநேகிதனுக்காக எழுதியது. என் அப்பா செய்ததை நீ செய்யாதே, பெயரை மட்டும் விட்டுவிட்டுப் போனவரைப் போல ஆகாதே என்று கெஞ்சுகிற பாட்டு. வாழ்க்கை முழுக்க அப்பாவோடு ஒப்பிட்டுப் பேசியவர்களுக்கு எரிச்சலோடு பதில் சொல்லி அலுத்தவர், பாட்டில் மட்டும் அந்தக் காயத்தை இன்னொருவரின் பிள்ளைக்காகத் திறந்து காட்டுகிறார். பாட்டு எழுத ஆசைப்படுகிற பிள்ளைகள் இதைக் கவனியுங்கள்.

அல்பம் அமெரிக்காவில் பெரிதாகப் போகவில்லை என்று சொன்னேன். பிரான்ஸில் 1995இல் ஷார்ல் குரோ அக்கடமியின் பெரிய பரிசு கிடைத்தது, அவுஸ்திரேலியாவிலும் தூக்கிவைத்துக் கொண்டாடினார்கள். ஊர் ஊராகக் கச்சேரி, 1996 ஆரம்பம்வரை ஓயாத பயணம், அதன் முடிவில் ட்ரம்ஸ் வாசித்தவர் விலகிப்போனார். அடுத்த அல்பத்தை அவசரப்படுத்துகிற கொம்பனி ஒரு பக்கம், தன்னையே திரும்பப் பாடக்கூடாது என்ற அவரின் பிடிவாதம் மறுபக்கம்.

அப்போது அவர் என்ன செய்தார் என்றால், 1996 டிசம்பரில் தன் பெயரை மறைத்து, ஒவ்வொரு இரவும் வேறு வேறு பொய்ப்பெயரில், சின்னக் கோப்பிக்கடைகளில் போய்த் தனியாகப் பாடினார். யாரும் எதிர்பார்க்காத இடத்தில் பாடுவது, தோற்றுப்போவதற்கும் சுதந்திரம் இருப்பது, அதை இழந்துவிட்டேன், அது திரும்ப வேண்டும் என்று ரசிகர்களுக்கு அவரே எழுதி விளக்கினார். எல்லாரும் சின்ன அறையிலிருந்து பெரிய மேடைக்குப் போக ஏங்கும்போது, போய்ப் பார்த்த ஒருவர் திரும்பி வந்து அந்த அறையைத் தேடினார். 1997இல் மெம்பிஸ் நகரத்துக்குக் குடிபோய், ஒரு சின்ன வாடகை வீட்டில் நான்கு தடப் பதிவுக்கருவியில் புதுப் பாட்டுகளைத் தானே பதிந்தார். அங்கும் ஒரு சின்னக் கடையில், மறுபடியும் திங்கட்கிழமைகளில் பாடினார்.

1997 மே 29. இசைக்குழுவில் மற்றவர்கள் புது அல்பத்துக்காக விமானத்தில் வந்துகொண்டிருந்த மாலை. வுல்ஃப் ஆற்றில், சப்பாத்து கழற்றாமலே இறங்கி, பாடிக்கொண்டே நீந்தினார். படகு ஒன்று போன அலைக்குப் பிறகு ஆளைக் காணவில்லை. யூன் 4ஆம் திகதி உடல் கிடைத்தது. போதையும் இல்லை, தற்கொலையும் இல்லை, விபத்து. இளம் வயதில் இறந்த பாடகர் என்றதும் சிலர் அதை ஒரு அழகான கதையாக்கிச் சொல்வது எனக்குக் கொஞ்சமும் பிடிக்காது. அவர் அடுத்த நாள் வேலை செய்ய இருந்தவர். இன்னும் மூன்று மாதம்கூட ஆகமுன், ஓகஸ்ட் 16இல் நுஸ்ரத்தும் போய்விட்டார்.

இனி எங்கள் பக்கம். தானே எழுதி, கிற்றாரை எடுத்துப் பாடுகிற வழி எங்களுக்கு அந்நியமில்லை. உரும்பிராயைச் சேர்ந்த நித்தி கனகரத்தினம் ‘சின்ன மாமியே’ பாடியபோது எந்தச் சினிமாவையும் எதிர்பார்த்து இருக்கவில்லை, எங்கள் பேச்சிலேயே எழுதினார், அது கடல் தாண்டிப் போனது. எழுபதுகளில் இலங்கைப் பொப்பிசை என்றால் தமிழ்நாடே திரும்பிப் பார்த்தது. பிறகு யுத்தம் எவ்வளவையோ கொண்டுபோனது போல அதையும் கொண்டுபோனது. இப்போது திரும்பவும் பிள்ளைகள் போனில் பதிந்து சொந்தப் பாட்டு போடுகிறார்கள், எனக்கு அதில் அளவில்லாத சந்தோசம். ஆனால் போனில் போட்டவுடன் எண்ணிக்கை பார்க்கிறோம். முந்நூறு பேர் பார்த்தார்கள், மூவாயிரம் பேர் பார்க்கவில்லை என்று மனம் உடைகிறோம். பிழைவிட்டு, நிறுத்தி, திரும்பத் தொடங்கி, எதிரே இருக்கிற பத்துப் பேரின் முகத்தைப் பார்த்துப் பழக ஓர் இடம் எங்களுக்கு இல்லை.

அதனால் வாசிகசாலைப் பொறுப்பாளர்களிடம் ஒரு வேண்டுகோள் வைத்திருக்கிறேன், அவர்களும் மறுக்கவில்லை. இந்த மண்டபம் வாரநாட்களில் இருட்டினால் பூட்டித்தான் கிடக்கிறது. கிழமையில் ஒரு இரவு திறந்துவிடுங்கள், கதிரைகளை வட்டமாகப் போடுவோம், மைக் வேண்டாம், வீடியோ எடுக்கவேண்டாம். யாரும் வந்து எதையும் பாடலாம். ஒரேயொரு நிபந்தனை, மூலத்தில் இருப்பது போலவே பாடக்கூடாது. முதல் சில கிழமை கஷ்டமாகத்தான் இருக்கும், பெற்றோரும் ஏன் இது என்று கேட்பார்கள், நான் வந்து அவர்களோடு கதைக்கத் தயார்.

இப்போது இரண்டு பாட்டு போடப்போகிறேன். முதலாவது ‘அல்லேலூயா’, அந்த மூச்சிலிருந்தே வடிவாகக் கேளுங்கள், குரல் உயரும் இடங்களில் கிற்றார் எப்படி விலகி வழிவிடுகிறது என்று பாருங்கள். இரண்டாவது அந்தக் கோப்பிக்கடையில் பாடிய கவ்வாலி, பின்னால் கடைச்சத்தமும் கேட்கும். அது முடிந்ததும் கிற்றார் கொண்டுவந்தவர்கள் முன்னுக்கு வாருங்கள், நேரம் இருக்கிறது.