எடுத்ததைத் திருப்பி வைக்க முடிகிறதா?

நேயர்களுக்கு வணக்கம். அடுக்களை அலமாரிகளை அமைத்துத் தருவது என் தொழில். வேலைக்காக ஒரு வீட்டுக்குப் போனால் பெரும்பாலும் முதலில் காதில் விழும் குறை, "இடமே போதவில்லை" என்பதுதான். கதவைத் திறந்து பார்த்தால் இடம் இருக்கும். தட்டின் மேல்பாதி வெறும் காற்றாகக் கிடக்கும். கீழ்ப்பாதியில் பாத்திரங்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி உட்கார்ந்திருக்கும். அடியில் உள்ள வாணலி வேண்டுமென்றால் மேலே இருப்பவை அத்தனையும் இறங்கியாக வேண்டும்.

எடுக்கும்போது இந்தத் தொல்லையை நாம் பொறுத்துக்கொள்கிறோம். அப்போது அந்தப் பாத்திரம் தேவையாக இருக்கிறது. கழுவித் துடைத்துத் திருப்பி வைக்கும் நேரத்தில் அந்தப் பொறுமை இருப்பதில்லை. பாத்திரம் மேடையிலேயே தங்கிவிடுகிறது. இதற்காக வீட்டில் ஒருவரையொருவர் சோம்பேறி என்று கடிந்துகொள்கிறார்கள். நான் அலமாரியைத்தான் குற்றம் சொல்வேன். ஈரக் கையோடும் களைப்போடும் ஒரே அசைவில் திருப்பி வைக்க முடிகிறதா என்று பார்த்தே எந்த அலமாரியையும் தேர்ந்தெடுக்க வேண்டும்.

மேடைக்குக் கீழே அமையும் அலமாரியின் ஆழம் வழக்கமாக 60 சென்டிமீட்டர். கதவு வைத்த தட்டாக அமைத்தால் அதில் முன்பாதிதான் புழங்கும். பின்பாதிக்குப் போன பொருளைத் தேட மண்டியிட வேண்டும். அதே இடத்தில் முழுவதுமாக வெளியே வரும் இழுப்பறையை வைத்தால், நின்றபடியே எல்லாவற்றையும் மேலிருந்து பார்த்துவிடலாம். செலவு கூடும், மறுப்பதற்கில்லை. எல்லா இடத்திலும் முடியாவிட்டாலும் கனமான பாத்திரங்களுக்காவது இழுப்பறை போடுங்கள். முகப்பின் பளபளப்பில் மயங்காமல், பக்கவாட்டில் ஓடும் தண்டவாளம் எத்தனை கிலோ தாங்கும் என்று கேளுங்கள். 30 கிலோ என்று சொன்னால், இழுப்பறையின் சொந்த எடையையும் அதுதான் சுமக்கிறது என்பதை நினைவில் வையுங்கள். மூடிகளைப் பாத்திரங்களோடு சேர்த்து அடுக்காமல், இழுப்பறையின் ஓரத்தில் ஒரு தடுப்புப் போட்டுச் செங்குத்தாக நிறுத்துங்கள். பாதிச் சத்தம் அதிலேயே குறைந்துவிடும்.

எந்த உலோகம், எந்தப் பூச்சு என்பதையும் பார்க்க வேண்டும். ஒட்டாத பூச்சுள்ள வாணலிகளை அப்படியே அடுக்கினால் ஒன்றின் அடிப்பகுதி இன்னொன்றின் பூச்சைச் சுரண்டும். இடையில் ஒரு துணி போதும். இரும்புப் பாத்திரத்தை நன்றாக உலர்த்தி, லேசாக எண்ணெய் தடவி, மூடாமல் வையுங்கள். மூடினால் உள்ளே தங்கும் ஈரம் துருவாக மாறும். குக்கர் மூடியை இறுகப் பூட்டி வைப்பதைவிடக் கவிழ்த்து வைப்பதே நல்லது. உள்ளே காற்று போகும், வாடை தங்காது, ரப்பர் வளையமும் நசுங்காது. பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழே மரத்தூள் பலகை வேண்டவே வேண்டாம். ஒருமுறை குழாய் கசிந்தால் போதும், ஊதிவிடும். ஊதிய பலகை பழைய நிலைக்குத் திரும்பாது.

சுவரில் தொங்கவிடுவதைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். அமெரிக்கச் சமையல் எழுத்தாளர் ஜூலியா சைல்டின் அடுக்களைச் சுவரில், கொக்கி மாட்டுவதற்காக வரிசையாகத் துளையிட்ட துளைப்பலகைகள் இருந்தன. எந்தப் பாத்திரம் எங்கே தொங்க வேண்டும் என்று அவருடைய கணவர் பால் அவற்றின் உருவங்களைக் கோடுகளாக வரைந்து வைத்திருந்தார். 2001இல் ஜூலியா அந்த அடுக்களையை ஸ்மித்சோனியன் நிறுவனத்துக்குக் கொடுத்துவிட்டார். வாஷிங்டனில் உள்ள அதன் அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தில் அது இருக்கிறது. எனக்குப் பிடித்தது அந்தக் கோடுகள்தான். புதிதாக உதவிக்கு வருபவர்கூட யாரையும் கேட்காமல் பாத்திரத்தை அதன் இடத்தில் மாட்டிவிடலாம். ஆனால் அன்றாடம் புழங்காத பொருளைச் சுவரில் மாட்டாதீர்கள். எண்ணெய்ப் பிசுக்கும் தூசியும் சேர்ந்து படியும். எடுக்கும்போதெல்லாம் கழுவ வேண்டிவரும். உள்ளீடற்ற சுவராக இருந்தால் சாதாரண ஆணி நிற்காது, அதற்குரிய பிடிப்பான் வேண்டும்.

கத்திகளைக் கரண்டிகளோடு ஒரே இழுப்பறையில் போடுவது கத்தியின் கூருக்கும் கேடு, விரலுக்கும் கேடு. கத்திகளை ஒட்டவைக்கச் சுவரில் பொருத்தும் காந்தப் பட்டை நல்ல ஏற்பாடு. கத்தியின் வெட்டாத முதுகுப் பக்கத்தை முதலில் ஒட்டவைத்து, பிறகு தட்டையாகச் சாய்த்தால் கூர் மழுங்காது. எடுக்கும்போதும் வெட்டும் பக்கத்தைத்தான் முதலில் விலக்க வேண்டும். குழந்தைகள் இருக்கும் வீட்டில் அவர்கள் கைக்கு எட்டாத உயரத்தில் பொருத்துங்கள்.

மின்சாரக் கருவிகளில் எனக்குச் சமரசம் கிடையாது. தினமும் ஓடும் மிக்சி, பிளக் பாயிண்டுக்கு அருகே மேடையில் இருக்கட்டும். மற்ற கனமான கருவிகளை இடுப்பு உயரத்தில் வையுங்கள். தோளுக்கு மேலே வைத்த கருவியை ஒன்று, யாரும் எடுக்க மாட்டார்கள். அல்லது ஒரு நாள் அது யார் தலையிலாவது விழும். பரணுக்குப் போக வேண்டியவை, எப்போதோ ஒருமுறை வெளிவரும் பெரிய, ஆனால் இலேசான பாத்திரங்கள் மட்டுமே. எப்போதுமே வெளிவராதவற்றை யாருக்காவது கொடுத்துவிடுங்கள். இப்படிச் சொல்வது என் வியாபாரத்துக்கு நல்லதல்ல. பல வீடுகளில் இதற்குப் பிறகு புதிய அலமாரியே தேவைப்படாமல் போகிறது.

தேவைப்படுகிறவர்கள், கடைக்குப் போகுமுன் உங்களிடம் உள்ள மிகப் பெரிய பாத்திரத்தை அளந்துகொள்ளுங்கள். வாயின் அகலத்தோடு கைப்பிடியையும் சேர்த்து அளக்க வேண்டும். கதவு மூடாமல் நிற்பது பெரும்பாலும் அந்தக் கைப்பிடியால்தான். வணக்கம்.