வாசலில் உட்கார்ந்தவர்

நேயர்களுக்கு வணக்கம்.

எங்கள் பெரியம்மா நர்ஸ். அரசு ஆஸ்பத்திரிகளில் 33 வருஷம். சனிக்கிழமை நைட் டூட்டி என்றால் மறுநாள் காலை வீட்டுக்குப் போகாமல் நேரே கோயிலுக்கு வந்துவிடுவார். வெள்ளைச் சேலையோடு கடைசி பெஞ்சில், தூண் மறைவாகப் பார்த்து உட்காருவார். பிரசங்கம் தொடங்கியதும் தலை மெல்லச் சாயும். கடைசி ஆமென் சத்தத்துக்குச் சரியாகக் கண் திறப்பார்.

89 வயதில் அவர் போனபோது அடக்க ஆராதனையில் வாழ்க்கைக் குறிப்பு வாசித்தார்கள். ஞானஸ்நானம், திடப்படுத்தல், திருமணம், எந்தப் பிள்ளை எந்த ஊரில் என்பதெல்லாம் விவரமாக வந்தது. 33 வருஷ வேலைக்கு ஒரே வரி: 'அரசுப் பணியாற்றி ஓய்வு பெற்றார்.' எந்த ஆஸ்பத்திரி, எந்த வார்டு, ஒன்றும் இல்லை. அதை எழுதியவன் நான்தான்.

அப்புறம் வழக்கம்போல பைபிளில் நீதிமொழிகள் 31-ம் அதிகாரம் வாசிக்கப்பட்டது. குணசாலியான ஸ்திரீ. நம் வீட்டுப் பெண்களின் அடக்கத்தில் இதைக் கேட்காதவர் யார்? ஆனால் அன்றைக்குத்தான் எனக்கு அது காதில் விழுந்தது. அந்தப் பெண் நிலத்தைப் பார்த்து விசாரித்து வாங்குகிறாள். சொந்தச் சம்பாத்தியத்தில் திராட்சைத் தோட்டம் வைக்கிறாள். துணி நெய்து வியாபாரியிடம் விற்கிறாள். இரவில் அவள் விளக்கு அணைவதில்லை. நைட் டூட்டிதான், வேறென்ன! கணவரோ ஊர் வாசலில் மூப்பர்களோடு உட்கார்ந்திருக்கிறார். அந்தக் காலத்தில் ஊர் வாசல்தான் கோர்ட். பைபிளில் ரூத் என்ற விதவையின் காரியத்தைத் தீர்க்க, அவளை மணக்க இருந்த போவாஸ் போனதும் அங்கேதான். அவளுடைய செய்கைகள் வாசல்களில் அவளைப் புகழட்டும் என்று அதிகாரம் முடிகிறது. அவளே அங்கு போய் உட்கார்ந்தாளா என்றால், அந்தப் பேச்சே இல்லை.

அப்படி வாசலில் போய் உட்கார்ந்த ஒரு கிறிஸ்தவப் பெண்ணைப் பற்றித்தான் இன்று பேச வந்தேன். பெயர் அன்னா சாண்டி. 1905-ல் பிறந்து திருவனந்தபுரத்தில் வளர்ந்தவர்; சிரியன் கிறிஸ்தவக் குடும்பம். கணவர் போலீஸ் அதிகாரி, ஒரே மகன். சட்டப் பட்டம் வாங்கினார். இன்றைய கேரளப் பகுதியில் அந்தப் பட்டம் பெற்ற முதல் பெண் அவர்.

பெண்களுக்கு அரசு வேலை கொடுக்கலாமா என்று 1928-ல் திருவனந்தபுரத்தில் ஒரு பொதுக்கூட்டத்தில் சர்ச்சை நடந்தது. கொடுத்தால் குடும்பம் குலையும் என்று ஒரு பெரியவர் பேசினார். அப்போது அன்னாவுக்கு 23 வயது. அவர் சண்டைக்குப் போகவில்லை. எதிர்த் தரப்பின் மனுவைக் கையில் எடுத்த வக்கீல் போல, அந்தப் பெரியவர் சொன்ன காரணங்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்து உடைத்தார். 1930-ல் 'ஸ்ரீமதி' என்ற பெண்கள் பத்திரிகையைத் தொடங்கினார். அடுத்த வருஷம் சட்டசபைத் தேர்தலில் நின்றார். அவதூறு பரப்பினார்கள், தோற்றார். 1932-ல் மறுபடி நின்றார், ஜெயித்தார்.

ஒரு விஷயத்தை மட்டும் என்னால் இன்னும் எளிதில் ஜீரணிக்க முடியவில்லை. அவருடைய சமஸ்தானமான திருவிதாங்கூரில் பெண்களுக்குத் தூக்குத் தண்டனையிலிருந்து விலக்கு இருந்தது. அந்தச் சலுகை வேண்டாம் என்று எழுதினார் இவர். சமம் என்றால் எல்லாவற்றிலும் சமம். எனக்குத் தூக்குத் தண்டனையே பிடிக்காது. ஆனாலும் அந்த நெஞ்சுரத்துக்கு முன்னால் கொஞ்சம் வாயடைத்துத்தான் போகிறேன்.

1937-ல் முன்சீப், அதாவது கீழ்க்கோர்ட் நீதிபதி. இன்றைய குமரி மாவட்டம் அப்போது திருவிதாங்கூரில் இருந்தது. ஆகவே அந்தப் பக்கத்துத் தமிழர்களுக்கும் இது சொந்த சமஸ்தானத்துச் செய்தி. 1948-ல் மாவட்ட நீதிபதி. 1959 பிப்ரவரியில் கேரள உயர் நீதிமன்ற நீதிபதி. இந்தியாவில் அந்த இடத்துக்கு வந்த முதல் பெண். இங்கிலாந்து உயர் நீதிமன்றத்துக்கு ஒரு பெண் நீதிபதி வந்தது 1965-ல்தான் என்பதையும் போகிறபோக்கில் சொல்லி வைக்கிறேன்.

1967-ல் ஓய்வு. அதற்கப்புறமும் 29 வருஷம் இருந்தார். பத்தனம்திட்டாவில் ஒரு முஸ்லிம் தகப்பனார், அன்னா சாண்டியைப் பார்த்துத்தான் தன் மகளைச் சட்டம் படிக்கச் சொன்னார். அந்த மகள் பாத்திமா பீவி. பிற்பாடு நம் தமிழ்நாட்டுக்கு ஆளுநராக வந்தாரே, அவரேதான். 1989-ல் அவர் உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதியானபோது அன்னா சாண்டிக்கு வயது 84. அதன் பிறகு 1996-ல்தான், 91 வயதில், காலமானார்.

அன்னா சாண்டிக்கு ஆண்டுக் கணக்கெல்லாம் பதிவில் இருக்கிறது. பெரியம்மாவுக்கு நான் எழுதியதோ நான்கு சொல்.

போன வாரம் எங்கள் சபையில் இன்னொரு மூதாட்டி இறந்துபோனார். நினைவுக் கூட்டத்துக்கு வாழ்க்கைக் குறிப்பு எழுத மறுபடி என்னையே கேட்டிருக்கிறார்கள். அவர் தந்தி ஆபீசில் வேலை பார்த்தவர். எந்த வருஷம் சேர்ந்தார், என்ன வேலை என்று மகனுக்கு போன் போட்டுக் கேட்டேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை.

"அம்மாகிட்ட அதைக் கேட்டதே இல்லை சார். பென்ஷன் புக்கைத் தேடிப் பார்த்துட்டுச் சொல்றேன்" என்றார்.

அவர் போனுக்காகத்தான் காத்திருக்கிறேன். நன்றி, வணக்கம்.